முதுமைக்குக் காப்பு யார்?

பிள்ளை பெற்றவனுக்குக் கவலை ஏது என்பார்கள். 'புத்' என்னும் நரகத்தினின்று தந்தையை மீட்பவன் புத்திரன் என்று சாத்திரமும் சான்று கூறிற்று. செத்த பிறகு வரும் நரகத்துக்கு ஏற்பாடு ஆயிற்று. சாவதற்கு முன், எழவும் இயலாமல் கட்டிலில் கிடக்கும் ஆண்டுகளுக்கு? அந்தப் பணிவிடையை மகன் செய்தது அரிது. மருமகள் செய்தாள்.

திருவரங்கம் கோயிலில் ஆரோக்கியசாலை இருந்ததை 1493ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. தன்வந்திரிக்கு அங்கே சந்நிதியும் உண்டு. நல்ல செயல்தான், குறை கூறோம். மருந்துக்கு வழி செய்தவர் கதை கல்லில் நின்றது. மாமியாரைத் தூக்கி உட்காரவைத்துக் கஞ்சி புகட்டியவளுக்கோ கல்லும் இல்லை, கூலியும் இல்லை.

காவிரிக்குத் தென்புறம், பொன்மலையில், கணக்கு மாறத் தொடங்கிற்று. 1920களின் கடைசியில் தென்னிந்திய ரயில்வேயின் பட்டறை நாகப்பட்டினத்திலிருந்து அங்கே வந்தது. ஊரையும் உறவையும் விட்டு வந்த தொழிலாளிக்கு மாதச் சம்பளமும் சேமநிதியுமே சொத்து. 1957இல் ரயில்வேயில் பென்ஷன் திட்டம் வந்தபோது, பணியில் இருந்தோர் முன் ஒரு கேள்வி நின்றது. நிர்வாகத்தின் பங்கோடு சேர்ந்த சேமநிதியை மொத்தமாகப் பெறுவதா? அந்தப் பங்கை விட்டுவிட்டு, சாகும்வரை மாதாமாதம் பென்ஷன் பெறுவதா?

மொத்தப் பணம் கண்ணைப் பறிக்கும். ஆனால் அது வீடு வந்து சேருமுன்பே, மகளின் வரதட்சிணையும் மேளமும் புரோகிதர் தட்சிணையும் வாசலில் காத்து நிற்கும். பென்ஷனோ, மாதம் பிறந்தால் கிழவன் கைக்கே வரும். மூத்தவன் பேருக்கு எழுதிவைக்கவும் முடியாது, இளையவன் பாகம் கேட்கவும் முடியாது. 1964இல் குடும்ப பென்ஷன் வந்தபின் அவன் விதவைக்கும் அது நீண்டது. தாலி அறுத்தவளை மூலையில் உட்காரவைத்த சமுதாயத்தில், இதைச் சிறு மாறுதல் என்று சொல்லமாட்டோம். சம்பளம் என்பதையே காணாத, ஆதரவற்ற முதியோருக்கு 1962 ஏப்ரலில் சென்னை ராஜ்ய அரசு மாதம் 20 ரூபாய் தரத் தொடங்கிற்று.

1956இல் நாட்டுடைமையான ஆயுள் இன்ஷூரன்ஸ், சாவுக்கு விடை தந்தது. சாகாமல் நெடுநாள் கிடக்கும் உடலுக்கு விடை தரவில்லை. அதற்கென்றே ஜெர்மனி 1995இலும், ஜப்பான் 2000இலும் பொதுக் காப்பீடு கண்டன. வீட்டிலிருந்து பராமரிப்பவரின் ஓய்வூதியச் சந்தாவையும் ஜெர்மனியில் அந்தக் காப்பீடே செலுத்துகிறது. பணிவிடைக்கு விலை உண்டென்று ஏட்டில் ஏறிவிட்டது! விருப்பமுள்ளோர் விலைக்கு வாங்கும் அமெரிக்காவில், தாயோ தந்தையோ ஆண்டுக்கணக்கில் படுக்கையில் கிடந்ததைக் கண்டவர் பலர் வாங்குகின்றனர். சாவுக்கு அஞ்சியல்ல, தம் மக்களுக்குப் பாரமாகக் கூடாதென்று.

நம் நாட்டில் 2007இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் வந்தது. 'பிள்ளைகள்' என்பதற்கு மகன், மகள், பேரன், பேத்தி என்று அது பொருள் கூறிற்று. மருமகளைக் கூறவில்லை. நல்லது. வீட்டிலே, கஞ்சிக் கிண்ணத்தோடு கட்டிலருகே நிற்பவள் பெரும்பாலும் இன்னும் அவளே.