மேகத்துக்குள் சிறு விமானம்: அமெரிக்க விபத்து அறிக்கைகள் காட்டும் ஒரு வரலாறு

மோசமான வானிலையில் சிறு விமானம் விழுந்தது என்று படித்தால், காற்று அதை முறித்துப் போட்டிருக்கும் என்றே எண்ணத் தோன்றும். அமெரிக்க விசாரணை அறிக்கைகள் பெரும்பாலும் வேறு காரணத்தைச் சொல்கின்றன. விமானம் நன்றாகவே இருந்திருக்கிறது. ஏமாந்தது விமானியின் உட்செவி. இந்த ஏமாற்றம் 1926லேயே கண்டறியப்பட்டுவிட்டது. அந்த அறிவு தனியார் விமானியின் இருக்கைவரை வந்து சேர எடுத்துக்கொண்ட காலமே நம் கவனத்துக்குரியது.

அவ்வாண்டு சான்பிரான்சிஸ்கோவில் ராணுவ மருத்துவர் டேவிட் மையர்ஸ், விமானி வில்லியம் ஆக்கரைக் கண்களை மூடச் சொல்லிச் சுழல்நாற்காலியில் சுற்றினார். நாற்காலி வேகம் குறைந்தபோது அது நின்றுவிட்டதாகவும், நின்றபோது எதிர்த்திசையில் சுழல்வதாகவும் ஆக்கருக்குத் தோன்றியது. அடிவானம் மறைந்தால் உடலின் சாட்சியம் செல்லாது, கருவியைத்தான் நம்ப வேண்டும் என்ற முடிவுக்கு அவர் வந்தார். 1929 செப்டம்பர் 24 அன்று ஜிம்மி டூலிட்டில் மூடிய விமானி அறைக்குள் அமர்ந்து, செயற்கை அடிவானக் கருவியின் துணையோடு புறப்பட்டுப் பறந்து தரையிறங்கிக் காட்டினார். ராணுவமும் பயணிகள் விமான நிறுவனங்களும் பாடத்தை எடுத்துக்கொண்டன. ஓய்வு நாளில் பறப்பவருக்கு அது எட்டவில்லை.

எட்டாததன் விலையை இல்லினாய்ஸ் பல்கலைக்கழகம் 1954இல் வெளியிட்ட ஆய்வு அளந்தது. கருவிவழிப் பறந்து பழகாத 20 பேரை மேகத்துக்குள் இருப்பது போன்ற நிலையில் பறக்கவிட்டார்கள். 20 பேரும் கட்டுப்பாட்டை இழந்தனர். 19 பேர் கீழ்நோக்கிய சுழலில் சிக்கினர். அதற்கு ஆன சராசரி நேரம் 178 விநாடிகள். ஆய்வின் நோக்கம் பயமுறுத்துவது அல்ல. மேகத்தில் நுழைந்துவிட்டவர் வந்த வழியே திரும்பக் கற்பிக்கலாம் என்பதை நிறுவுவது. அந்த நல்ல செய்தியை மறந்து 178ஐ மட்டும் நினைவில் வைத்துக்கொண்டது பறப்போர் உலகம்.

ஐந்தாண்டு கழித்து, 1959 பிப்ரவரி 3 நள்ளிரவுக்குப் பின், பாடகர்கள் பட்டி ஹாலி, ரிச்சி வேலன்ஸ், ஜே. பி. ரிச்சர்ட்சன் மூவரையும் ஏற்றிக்கொண்டு ஒரு பீச்கிராஃப்ட் பொனான்சா அயோவா மாநிலத்தில் பனித்தூவலில் கிளம்பியது. சில நிமிடங்களில் வயலில் மோதியது. விமானி ராஜர் பீட்டர்சனுக்கு வயது 21. கருவிவழிப் பறக்கும் தகுதி இல்லை. விமானத்தில் இருந்த ஸ்பெர்ரி கருவி, மூக்கு ஏறுவதையும் இறங்குவதையும் வழக்கமான கருவிக்கு நேர்மாறாகக் காட்டும் வகை. வழியில் நிலவிய மோசமான வானிலை பற்றி இரண்டு அவசர அறிவிப்புகள் ஏற்கெனவே வெளியாகியிருந்தன. அவை அவர் கவனத்துக்குக் கொண்டுவரப்படவில்லை. அறிக்கையில் என்னை உறுத்துவது இந்தக் கடைசித் தகவல்தான்.

1963இல் பாட்சி கிளைன், 1964இல் ஜிம் ரீவ்ஸ் என அடுத்தடுத்து டென்னசியில் விமானம் விழுந்து பாடகர்கள் மடிந்தனர். இலங்கையிலும் இந்தியாவிலும் பெரும் ரசிகர் கூட்டம் கொண்டிருந்த ரீவ்ஸ் விமானத்தைத் தானே ஓட்டிச்சென்று கனமழைக்குள் மாட்டிக்கொண்டவர்.

இன்று அமெரிக்காவில் தனியார் விமானி உரிமம் பெற 3 மணி நேரக் கருவிப் பயிற்சி கட்டாயம். அது போதவில்லை என்பதற்கு 1999 ஜூலை 16 சான்று. புயல் இல்லை, மூட்டமும் இருட்டும் மட்டுமே. ஜான் எஃப். கென்னடியின் மகன் ஓட்டிய பைப்பர் சரடோகா, தானியங்கிக் கருவி இருந்தும், கடலில் விழுந்தது. திசையுணர்வு பிறழ்ந்ததே காரணம் என்றது விசாரணை வாரியம்.

திறமை மட்டும் காக்காத இடமும் உண்டு: இடிமேகம். ஒலியைப் போல் இருமடங்கு வேகத்தில் முதலில் பறந்த ஸ்காட் கிராஸ்ஃபீல்டு, 2006 ஏப்ரலில் தன் செஸ்னா 210இல் ஜார்ஜியா மாநிலத்தில் இடிமேகத்துக்குள் புகுந்து இறந்தார். அவர் புதிய வானிலைத் தகவல் கேட்கவில்லை. தரைக் கட்டுப்பாட்டாளரும் எச்சரித்து உதவவில்லை. தகவலுக்கும் விமானிக்கும் இடையே 1959இல் கண்ட அதே இடைவெளி.

இப்போது ராடார் படம் விமானியின் கண்ணெதிரே திரையில் வருகிறது. ஆனால் திரை ஒரு நிமிடப் பழசு என்று சொல்லும் படம் உண்மையில் 15 முதல் 20 நிமிடம் பழையதாக இருக்கக்கூடும் என்று 2012இல் அதே விசாரணை வாரியம் விமானிகளை எச்சரித்திருக்கிறது.