தாழ்த்திய கார்களில் டயரின் ஒருபக்கத் தேய்மானமும் வீல் அலைன்மென்டும்

காரின் ஸ்பிரிங்கை மாற்றியோ வெட்டியோ உடலை நிலத்துக்கு அண்மையாக இறக்கும்போது சில்லுகள் வீதியைத் தொடும் கோணங்களும் கூடவே மாறிவிடுகின்றன. அவற்றை மீண்டும் அமைக்காமல் ஓட்டினால் டயரின் உள் ஓரம் மற்றப் பகுதிகளைவிட விரைவாகத் தேயும். வெளியில் இருந்து பார்ப்பவருக்கு டயரின் பூ (வீதியைத் தொடும் பள்ளம் வெட்டிய ரப்பர்) நன்றாகவே இருப்பதாகத் தோன்றும். காரை ஜாக்கில் ஏற்றிப் பார்த்தால் உட்பக்கத்தில் கம்பி தெரியும். கராஜ் பேச்சில் இதற்கு ‘கார் டயர் தின்னுது’ என்று பெயர். சில்லு உள்நோக்கிச் சாய்ந்திருப்பது கண்ணுக்குத் தெரிவதால் பழி முழுவதும் அந்தச் சாய்வின் மேல் விழுகிறது. ஆனால் பெரும்பாலான கார்களில் டயரை அழிப்பது கண்ணுக்குத் தெரியாத இன்னொரு கோணமான டோ ஆகும்.

திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய அன்புவழிபுரம் போன்ற இடங்களில் இது வெறும் அழகுப் பிரச்சினையாக நின்றுவிடுவதில்லை. 2020 மார்ச்சில் இலங்கை வாகன இறக்குமதியை நிறுத்தியது. தனியார் கார்களுக்கு அது மீண்டும் திறக்கப்பட்டது 2025 பெப்ரவரியில். இடையில் 2022இல் ரூபாயின் பெறுமதி சரிந்து டயர் விலை எகிறியது. 1990களில் வந்த ஹொண்டா சிவிக்கும் டொயோட்டா கொரொல்லாவும் இறக்குமதி நின்றிருந்ததால் இன்னும் வீதியில் ஓடுகின்றன. இளைஞர் விரும்பித் தாழ்த்துவதும் பெரும்பாலும் இந்த வகைக் கார்களைத்தான். முப்பது ஆண்டுப் பழைய ரப்பர் புஷ்களின் மேல் புதிய ஸ்பிரிங் ஏறும்போது தேய்மானத்தின் காரணங்கள் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன.

மூன்று கோணங்கள்

சில்லை முன்னால் நின்று பார்க்கையில் அது நிமிர்ந்து நிற்காமல் சாய்ந்திருக்கும் அளவு கேம்பர். மேல்பகுதி காரை நோக்கிச் சாய்ந்தால் அது எதிர்க் கேம்பர் எனப்படும். மேலிருந்து பார்க்கையில் இரு சில்லுகளின் முன்பக்கங்கள் ஒன்றையொன்று நோக்கி நெருங்கினால் டோ-இன், விலகினால் டோ-அவுட். காஸ்டர் என்பது ஸ்டீயரிங் திரும்பும் அச்சு பின்னோக்கிச் சாய்ந்திருக்கும் அளவு. அது கார் நேராக ஓடுவதற்கும் ஸ்டீயரிங் தானாக நடுவுக்குத் திரும்புவதற்கும் உதவுகிறது; டயர் தேய்வதில் அதன் பங்கு குறைவு.

எதிர்க் கேம்பர் கூடும்போது பாரம் உள் ஓரத்துக்கு நகர்கிறது. ஆனால் சில்லு தான் பார்க்கும் திசையிலேயே உருள்கிறது. எனவே ஒன்றரைப் பாகை சாய்வு தனியாக இருந்தால் டயர் உட்பக்கம் சற்று முந்தித் தேயுமே தவிர உடனே அழிந்துவிடாது. டோ பிழைத்தால் நிலைமை வேறு. சில்லு ஒரு திசையைப் பார்க்க, கார் இன்னொரு திசையில் போவதால் ரப்பர் ஒவ்வொரு சுற்றிலும் தாரில் பக்கவாட்டாக உரசுகிறது. ஒரு பாகை டோ பிழை, ஒரு கிலோமீற்றர் ஓட்டத்துக்கு ஏறத்தாழ 17 மீற்றர் பக்க உரசலுக்குச் சமம். 14 அங்குல ரிம்மின் விளிம்பில் ஒரு சில்லுக்கு 1 மில்லிமீற்றர் மட்டும் பிழைத்திருந்தாலும், திருகோணமலையில் இருந்து கொழும்புக்குள்ள சுமார் 260 கிலோமீற்றரில் அந்த டயர் 650 மீற்றருக்கு மேல் பக்கவாட்டாக இழுபடுகிறது. சாய்வால் பாரம் முழுவதும் உள் ஓரத்தில் நிற்கும் காரில் இந்த உரசலும் அதே ஓரத்தின் மேல்தான் விழும். இரண்டும் சேரும்போது புதிய டயரும் சில ஆயிரம் கிலோமீற்றரில் முடிந்துவிடலாம்.

தாழ்த்தும்போது நடப்பது

எல்லாக் கார்களும் ஒரே விதமாக மாறுவதில்லை. இந்த வேறுபாட்டை அறியாமல் செய்யும் அலைன்மென்ட் பயன் தராது. 1987 முதல் 2000 வரை வந்த மூன்று சிவிக் தலைமுறைகளிலும் முன்சில்லை மேலும் கீழுமாக இரு கைகள் பிடித்திருக்கின்றன. மேற்கை குட்டையானது. உடல் கீழே இறங்கும்போது அது சிறிய வட்டத்தில் சுழன்று சில்லின் மேல்பகுதியை விரைவாக உள்ளே இழுக்கிறது. இதனால் இந்தக் கார்கள் தாழ்த்தப்பட்டதும் அதிகமாகச் சாய்கின்றன. தொழிற்சாலை அமைப்பில் முன்சில்லின் கேம்பரைத் திருத்த வழி வைக்கப்படவில்லை. டோவை மட்டுமே திருத்தலாம். சாய்வையும் குறைக்க வேண்டுமானால் நீளம் மாற்றக்கூடிய மேற்கையை வாங்கிப் பூட்ட வேண்டும்.

கொரொல்லா 110, 121 போன்றவற்றில் முன்பக்கம் மக்பர்சன் ஸ்ட்ரட் அமைப்பு. இதில் சிறிதளவு தாழ்த்தினால் எதிர்க் கேம்பர் கொஞ்சம்தான் கூடும். மேலும் இறக்கினால் கீழ்க்கையின் வெளிமுனை மேல்நோக்கித் திரும்பி, வளைவில் உடல் சரியும்போது கிடைக்க வேண்டிய சாய்வு கிடைக்காமல் போகிறது. கூடவே உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சரிகிறதோ அந்தப் புள்ளியும் ஈர்ப்பு மையத்தைவிட விரைவாகக் கீழே போய்விடுகிறது. மிகவும் தாழ்த்திய ஸ்ட்ரட் கார் வளைவில் டயரின் வெளி ஓரத்தைத் தேய்ப்பதற்கு இதுவே காரணம். பின்பக்கத்தில் 121க்கு முறுக்கு பீம். அதைத் தாழ்த்தினால் கோணங்கள் பெரிதாக மாறா. 110க்குப் பின்னாலும் ஸ்ட்ரட்டும் இணைப்புக் கைகளும் உண்டு. அங்கே டோவும் கேம்பரும் மாறும். சிவிக்கின் பின்பக்கத்திலும் அவை மாறும். முன்சில்லுகளை மட்டும் பார்த்து அனுப்பிவிட்டால் பின்டயர் ஓசையில்லாமல் தேய்ந்துகொண்டிருக்கும்.

டோ ஏன் மாறுகிறது என்பதற்கு, ஸ்டீயரிங் ராக்கைச் சில்லோடு இணைக்கும் டை ராடைப் பார்க்க வேண்டும். வடிவமைப்பாளர் டை ராடும் கீழ்க்கையும் ஏறத்தாழ ஒரே வில்லில் ஏறி இறங்குமாறு நீளங்களை அமைக்கிறார். உடல் இறங்கியதும் இரண்டும் தம் வில்லின் வேறு பகுதிக்குப் போய்விடுகின்றன. நின்ற இடத்திலேயே டோ பிழைப்பதோடு, ஓடும்போது ஒவ்வொரு பள்ளத்திலும் மேட்டிலும் சில்லு தானாகச் சற்றுத் திரும்பி மீள்கிறது. நின்ற நிலைப் பிழையை அலைன்மென்ட் சரிசெய்யும். ஓடும்போது ஏற்படும் திரும்பலைச் சரிசெய்யாது. அதற்கு டை ராடின் முனையையோ ஸ்டீயரிங் ராக்கின் உயரத்தையோ மாற்ற வேண்டியிருக்கும்.

தாழ்த்தும் முறையும் முக்கியம். சுருளில் பயன்படும் சுற்றுகள் குறையும்போது ஸ்பிரிங் விறைக்கும்: ஆறில் ஒன்றை வெட்டினால் விறைப்பு ஐந்தில் ஒரு பங்கு கூடும். பழைய ஷாக் அப்சோபரால் அந்த விறைப்பை அடக்க முடியாது; சில்லு வீதியில் துள்ளி, டயரில் கிண்ணம் கிண்ணமாகக் குழி விழும். காஸ் விளக்கால் சூடாக்கிச் சுருளை இறக்குவது எல்லாவற்றிலும் கெட்ட வழி. எஃகின் பதம் கெட்டு, இரு பக்கமும் வெவ்வேறு அளவில் தொடர்ந்து இறங்கிக்கொண்டே போகும். அப்படிப்பட்ட காரில் இன்று வைத்த அலைன்மென்ட் அடுத்த மாதம் இராது. தாழ்த்திய உயரத்துக்கென்றே செய்யப்பட்ட ஸ்பிரிங், அதற்கேற்ற ஷாக் அப்சோபர் ஆகியவற்றோடு செய்யும் மிதமான தாழ்த்தலில் இந்தச் சிக்கல்கள் பெருமளவு இல்லை.

தேய்மானத்தைப் படித்தல்

டயரின் இரு ஓரங்களும் தேய்ந்து நடு நின்றால் காற்றுக் குறைவு. நடு மட்டும் தேய்ந்தால் காற்று அதிகம். உள் ஓரம் வழுவழுப்பாக, படிப்படியாகத் தேய்ந்திருந்தால் கேம்பர். டோவைக் கண்ணைவிடக் கை நன்றாகக் கண்டுபிடிக்கும். உள்ளங்கையைப் பூவின் குறுக்கே தடவினால் ஒரு திசையில் வழுக்கும், மறு திசையில் மீன் செதிலைப் போலக் குத்தும். கூரிய விளிம்புகள் காரை நோக்கியிருந்தால் டோ-இன் அதிகம். வெளியே நோக்கியிருந்தால் டோ-அவுட். இந்தச் சோதனைக்குக் காசு செலவில்லை. மாதம் ஒரு தடவை செய்தால் டயர் கெடுமுன்பே பிழை தெரிந்துவிடும்.

திருகோணமலையின் சூழலும் சேர்த்துக் கணக்கிடப்பட வேண்டும். இலங்கையில் வாகனம் இடப்பக்கம் ஓடுகிறது. மழைநீர் வடிவதற்காக வீதி அந்த ஓரம் நோக்கிச் சரிந்திருக்கிறது. இதனால் கார் இடப்பக்கம் மெல்ல இழுப்பதை எல்லாம் அலைன்மென்ட் பிழை என்று கொள்ளக்கூடாது. சீனக்குடாவின் மா ஆலைக்கும் சீமெந்து ஆலைக்கும் பாரமான லொறிகள் போய்வருகின்றன. பார லொறிகள் தாரை அழுத்தும் தடத்தில் அகலமான, சாய்ந்த டயர் ஏறினால் கார் அங்குமிங்கும் அலைவதும் உண்டு. ஆண்டின் நடுமாதங்களில் கச்சான் காற்று வீசும்போது சூடேறிய தாரில் ரப்பர் விரைவாகத் தேயும். கடற்காற்றின் உப்பு டை ராடின் மரைகளையும் பூட்டு நட்டுகளையும் துருப்பிடிக்கச் செய்கிறது. இறுகிப்போன நட்டைத் திருப்ப முடியாததால் ஒரு பக்கத்தில் மட்டும் டோவைச் சரிசெய்து ஸ்டீயரிங் கோணலாக விடப்படும் கார்கள் உண்டு. வடகீழ்ப் பருவமழையில் பூ இல்லாத உள் ஓரத்தால் நீரை ஒதுக்க முடியாது. வெளியே நல்ல டயர் போலத் தோன்றும் ஒன்று நீரின் மேல் மிதந்து பிடியிழப்பது அப்போதுதான்.

அலைன்மென்ட் செய்யும் ஒழுங்கு

முதலில் காற்று அளவு, பிறகு போல் ஜாயின்ட், டை ராட் முனை, புஷ், சில்லு பெயரிங் ஆகியவற்றின் தளர்வு பார்க்கப்பட வேண்டும். தளர்ந்த பாகத்தின் மேல் வைக்கும் அளவு கராஜ் வாசலைத் தாண்டுமுன் மாறிவிடும். ஸ்பிரிங் மாற்றியபின் பலர் தவறவிடும் ஒரு வேலை உண்டு: ரப்பர் புஷ்களின் போல்ட்டுகளைத் தளர்த்தி, கார் தன் புதிய உயரத்தில் சில்லின் மேல் நிற்கும்போதே மீண்டும் இறுக்குவது. இல்லாவிட்டால் புஷ் எப்போதும் முறுக்கிலேயே இருந்து கிழியும். புதிய ஸ்பிரிங் சில நூறு கிலோமீற்றர் ஓடி அமர்ந்தபின் அலைன்மென்ட் வைப்பது நல்லது.

அளவு பின்சில்லில் தொடங்க வேண்டும். பின்சில்லுகள் காட்டும் திசைக்கே முன்சில்லுகள் பொருத்தப்பட வேண்டும். இல்லையேல் கார் நண்டுபோல் ஒருக்களித்து ஓடும். பிறகு முன்பக்கக் கேம்பரும் காஸ்டரும், கடைசியில் டோவும். கேம்பரை மாற்றினால் டோ மாறும் என்பதால் இந்த ஒழுங்கைத் திருப்ப முடியாது. ஸ்ட்ரட் கார்களில் மையம் விலகிய அச்சுள்ள கேம்பர் போல்ட் போட்டு ஏறத்தாழ ஒன்றரைப் பாகை திருத்தலாம். ஓட்டையை அரத்தால் நீட்டித் திருத்துவது ஆபத்தானது: போல்ட் ஒருநாள் வழுக்கினால் சில்லு ஓட்டத்திலேயே சாயும்.

அலைன்மென்ட் கணினித் திரையில் எல்லாம் பச்சையாக இருந்தாலும் அந்த எல்லைகள் தொழிற்சாலை உயரத்துக்கானவை. அன்றாடம் ஓடும் தாழ்த்திய காருக்கு எதிர்க் கேம்பர் ஒன்றிலிருந்து ஒன்றரைப் பாகை, இடம் வலம் வேறுபாடு அரைப் பாகைக்குள், டோ பூச்சியம் அல்லது மிகச் சிறிய டோ-இன் என்பது பொருத்தமான இலக்கு. கந்தளாய், ஹபரணை வழியாக நால்வரை ஏற்றி அடிக்கடி கொழும்பு போகும் காரென்றால் அந்தப் பாரத்தை இருக்கைகளில் வைத்து அளக்க வேண்டும். தாழ்த்திய கார் பாரத்தில் இன்னும் இறங்கி வேறு கோணத்தில் நிற்கும்.

டயர் அளவைத் தெரிவுசெய்யும்போதும் கணக்கு வேண்டும். 185/65 ஆர்14 டயரின் விட்டம் ஏறத்தாழ 596 மில்லிமீற்றர். 195/50 ஆர்15 டயருக்கு 576. இந்த மாற்றமே காரை 10 மில்லிமீற்றர் தாழ்த்திவிடும், கோணங்களைத் தொடாமல். விட்டத்தைக் காக்க 195/55 ஆர்15 பொருத்தமானது.

உள் ஓரம் தேயத் தொடங்கிய டயரை இடத்திலிருந்து வலத்துக்கு மாற்றுவதால் பயனில்லை. ரிம்மோடு மாற்றினால் உள் ஓரம் உள்ளேயேதான் இருக்கும். சுழல் திசையோ வெளிப்பக்கமோ குறிக்கப்படாத டயரை ரிம்மிலிருந்து கழற்றித் திருப்பிப் பூட்டினால் மட்டுமே வெளி ஓரம் உள்ளே வரும். பூவின் பள்ளங்களில் உள்ள தேய்மானக் குறி 1.6 மில்லிமீற்றர் உயரமானது. உட்பக்கப் பள்ளத்தில் அது பூவோடு சமமாகிவிட்டால், வெளிப்பக்கத்தில் எவ்வளவு பூ மீதியிருந்தாலும் அந்த டயர் முடிந்த டயராகவே கொள்ளப்படும்.