தவறணையைப் பூட்டின பிறகு

1912இல் ஆங்கில அரசு ஊரூராகக் கள்ளுத் தவறணைகளைத் திறக்கப் போனபோது, இலங்கையில் மதுவிலக்கு இயக்கம் பெருகியது. தவறணையைப் பூட்டு என்பதே அதன் கோரிக்கை. சரி, பூட்டியாச்சு எண்டே வைப்போம். குடிச்சுப் பழகின மனுசன் அன்றைக்குப் பின்னேரம் எங்க போவார்?

இந்தக் கேள்விக்கு அமெரிக்காவின் அக்ரன் நகரில் ஒரு விடை கிடைத்தது. 1935 மே மாதம், வியாபாரத்தில் தோற்றுப்போய் ஹோட்டலில் தனியாக நின்றார் பில் வில்சன். குடியை விட்டுச் சில மாதங்கள்தான். பக்கத்திலேயே மதுச்சாலை. அதற்குள் போகாமல் தேவாலயங்களுக்குத் தொலைபேசி எடுத்து, பேசுவதற்கு இன்னொரு குடிகாரரைத் தேடினார். கிடைத்தவர் டொக்டர் பொப் ஸ்மித். கால் மணித்தியாலம் இருக்க நினைத்து வந்தவர், மணிக்கணக்காகப் பேசினார். ஜூன் 10, பொப் கடைசியாகக் குடித்த நாள். அல்கஹோலிக்ஸ் அனானிமஸ் அமைப்பு அதையே தன் பிறந்தநாளாக எண்ணுகிறது. அங்கே கட்டணம் இல்லை. நிறுத்த வேண்டுமென்ற விருப்பம் போதும்.

கிரானில் "நிப்பாட்டப் போறன்" எண்டு சொல்லுறவரைப் பார்த்துச் சிரிக்கிற ஆக்கள்தான் கூட. சிரிக்காமல் அவரோட வாழைச்சேனை ஆதார வைத்தியசாலை வரை போகலாம். நெடுநாள் குடித்தவர் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரலாம். அதனால் முதலில் டொக்டர். கூட்டம் எங்கே நடக்குது எண்டு அங்கேயே கேட்கலாம். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்திலும் விசாரிக்கலாம். கிட்ட ஒண்டும் இல்லையா? அக்ரனில் தொடங்கினது ரெண்டு பேரோடதான்.