காசில்லாத் தீனி கேட்ட விலை



நாய் இல்லாத தோட்டம் நம்ம பக்கத்துல உண்டா? களத்தைக் காக்க ஒன்று, பட்டியைக் காக்க ஒன்று என்று வீட்டுக்கு வீடு இருக்கிறது. மாட்டுக்குத் தீவனக் கணக்குப் போடுகிறோம். கோழிக்குப் போடுகிறோம். நாய்க்கு மட்டும் கணக்கே கிடையாது. மிச்சம் மீதி இருந்தால் போடுவோம். இல்லாவிட்டால் அது தானே எங்கேயாவது தேடிக்கொள்ளும் என்று விட்டுவிடுவோம்.

செலவு கையைக் கடிக்காமல் நாய்க்கு நல்ல தீனி போடுவது எப்படி? இது நமக்கு மட்டும் வந்த கேள்வி இல்லை. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே குடியானவர்கள் இதைக் கேட்டிருக்கிறார்கள். அவர்கள் கண்ட விடைகளில் நல்லதும் உண்டு; ஒரு நாட்டு மக்களைத் தலைமுறை தலைமுறையாக வாட்டி எடுத்ததும் உண்டு. அந்த வரலாற்றைத்தான் இன்று சொல்லப்போகிறேன்.

ரோமாபுரிக் குடியானவர் சொன்னது

கிறிஸ்து பிறப்பதற்கு முப்பத்தைந்து, நாற்பது வருஷம் முன்பு ரோமாபுரியில் வாரோ என்று ஒரு பெரியவர் இருந்தார். எண்பது வயதை நெருங்கும்போது விவசாயத்தைப் பற்றி ஒரு நூல் எழுதினார். அதில் மந்தை நாய்க்கும் இடம் கொடுத்திருக்கிறார். ஆடு மாடு மேய்ந்து வயிற்றை நிரப்பிக்கொள்ளும், நாய் புல்லைத் தின்னாது, ஆகவே அதற்கு நாம்தான் போடவேண்டும் என்கிறார். போடாவிட்டால் என்ன ஆகும்? பசி அதை இழுத்துக்கொண்டு போய்விடும். மந்தை காவலில்லாமல் நிற்கும்.

பாலில் ஊறிய பார்லி ரொட்டியைப் போடச் சொல்கிறார் அவர். செத்த ஆட்டின் கறியைப் போடவே கூடாதாம். ருசி கண்டுவிட்டால் உயிருள்ள ஆட்டின்மேலேயே வாய் வைக்கும் என்பது அவர் எச்சரிக்கை. அவருக்குச் சுமார் நூறு வருஷம் கழித்து வந்த கொலுமெல்லா என்பவர் இன்னும் மலிவாக ஒரு வழி சொன்னார். பால் திரிந்து கட்டியானபின் பிரிகிற தண்ணீரில் பார்லி மாவைக் கலந்து கொடுக்கச் சொன்னார். யோசித்துப் பாருங்கள், நம்ம வீட்டுக் கம்மங்கூழில் மோர் ஊற்றி வைப்பதற்கும் அதற்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

நாய் மாமிசம் தின்னும் பிராணியாயிற்றே, தானியம் செரிக்குமா என்று நீங்கள் கேட்கலாம். 2013-ஆம் ஆண்டு சுவீடன் நாட்டு விஞ்ஞானிகள் இதற்குப் பதில் கண்டார்கள். மாவுச்சத்தைச் செரிக்கவைக்கும் மரபணு ஓநாயைவிட நாயின் உடம்பில் பல மடங்கு பெருகியிருக்கிறதாம். மனிதன் வீட்டு வாசலில் நின்று, அவன் போட்ட கஞ்சியைத் தின்று தின்று, நாயின் வயிறே மாறிப்போயிருக்கிறது. ஆனால் ஒன்று. தானியம் செரிக்கும் என்றால் தானியம் மட்டும் போதும் என்று அர்த்தமில்லை. ரோமாபுரிக்காரர் மாவோடு பாலைச் சேர்த்தது சும்மா இல்லை.

கப்பல் ரொட்டியிலிருந்து கடைத்தீனி

கடையில் விற்கும் நாய்த்தீனி எங்கே பிறந்தது தெரியுமா? இங்கிலாந்தில், லண்டனில். ஜேம்ஸ் ஸ்பிராட் என்ற அமெரிக்கர் இடிதாங்கி விற்பதற்காக அங்கே போனார். துறைமுகத்தில் கப்பல்காரர்கள் எறிந்த காய்ந்த ரொட்டியை நாய்கள் ஓடி ஓடித் தின்றதைப் பார்த்து அவருக்கு யோசனை உதித்ததாகச் சொல்வார்கள். 1860 வாக்கில் கோதுமை மாவு, பீட்ரூட், மாட்டு மாமிசச் சத்து எல்லாம் கலந்து நாய் பிஸ்கோத்துச் செய்து விற்க ஆரம்பித்தார். வாங்கியவர்கள் பெரும்பாலும் வேட்டை நாய் வளர்த்த சீமான்கள். குடியானவன் வீட்டு நாய்க்கு அது எட்டாக்கனி.

அப்படியானால் காசில்லாத குடியானவன் என்ன செய்தான்? கையில் கிடைத்ததைப் போட்டான். அங்கேதான் விபரீதம் வந்தது.

ஐஸ்லாந்து படித்த பாடம்

ஐரோப்பாவுக்கு வடமேற்கே, நடுக்கடலில் இருக்கும் குளிர் தேசம் ஐஸ்லாந்து. அங்கே தானியம் விளைவது அரிது. செம்மறி ஆடுதான் ஜனங்களின் பிழைப்பு. ஆட்டை மடக்க நாய் இல்லாமல் முடியாது. இலையுதிர் காலத்தில் வீட்டுக்கு வீடு ஆடு அறுப்பார்கள். நல்ல கறியை எடுத்துக்கொண்டு, நீர்க்கட்டி விழுந்த ஈரலையும் நுரையீரலையும் நாய்க்கு வீசிவிடுவார்கள். காலணாச் செலவில்லாத தீனி!

அந்த நாட்டில் வெகு காலமாக ஒரு வியாதி இருந்தது. வயிறு கொஞ்சம் கொஞ்சமாக வீங்கும். ஈரலில் தேங்காய் அளவுக்குக்கூட நீர்க்கட்டி வளரும். உள்ளே அது உடைந்தால் உயிருக்கே ஆபத்து. எங்கிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியவில்லை.

1852-இல் சீபோல்டு என்ற ஜெர்மானிய விஞ்ஞானி ஆட்டின் நீர்க்கட்டியை நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். பிறகு நாயின் குடலில் மிகச் சின்ன நாடாப்புழுக்கள் இருந்தன. அரிசி நீளம்கூட வராத புழு. 1863-இல் டென்மார்க்கிலிருந்து ஹரால்டு கிராப்பே என்பவர் ஐஸ்லாந்துக்குப் போய் நூறு நாய்களை அறுத்துச் சோதித்தார். இருபத்தெட்டு நாய்களின் குடலில் அந்தப் புழு இருந்தது.

சங்கிலி இப்போது புரிந்துவிட்டது. கட்டியைத் தின்ற நாயின் குடலில் புழு வளர்கிறது. அதன் முட்டை நாயின் மலத்தோடு வெளியே வருகிறது. புல்லில் விழுந்ததை ஆடு மேய்கிறது, ஆட்டுக்குக் கட்டி. நாயின் ரோமத்திலும், கீரையிலும், தண்ணீரிலும் ஒட்டியது மனிதன் வாய்க்குப் போகிறது, மனிதனுக்கும் கட்டி. நாயோ நோயின் அறிகுறி எதுவும் காட்டாமல் வாலை ஆட்டிக்கொண்டு நிற்கும். குழந்தையின் கையை நக்கும்.

கிராப்பே இதையெல்லாம் எளிய நடையில் ஒரு சிறு புத்தகமாக எழுதினார். 1864-இல் அது ஐஸ்லாந்து மொழியில் வீடு வீடாக இலவசமாகப் போயிற்று. குளிர்கால இரவில் குடும்பத்தோடு உட்கார்ந்து படிக்கிற பழக்கம் அந்த ஜனங்களுக்கு உண்டு. படித்தார்கள், புரிந்துகொண்டார்கள். 1869-இலும் 1890-இலும் சட்டங்கள் வந்தன. நாய்களின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்தினார்கள், புழுமருந்து கொடுத்தார்கள், கட்டி விழுந்த உறுப்புகளை அழித்தார்கள். இன்றுபோல் சிறந்த மருந்து அப்போது கிடையாது. ஆனாலும் அடுத்தடுத்த தலைமுறையில் வியாதி குறைந்துகொண்டே வந்து, இருபதாம் நூற்றாண்டில் ஒழிந்தேபோயிற்று. நியூசிலாந்தும் 1959-இல் தனிச் சட்டம் போட்டு இதே வழியில் போராடி, 2002-இல் வெற்றி கண்டது.

நாம் செய்யவேண்டியது

பெருமக்களே, இந்த வியாதி நம் நாட்டை விட்டுப் போகவில்லை. நம் ஆடு மாடுகளிலும் உண்டு, மனிதரிலும் உண்டு. கோயில் கிடாவெட்டு அன்று ஈரலில் வெள்ளையாக நீர்க்கட்டி தெரிந்தால் அதை நாய்க்கு எறியாதீர்கள். நாய் தோண்ட முடியாத ஆழத்தில் குழி வெட்டிப் புதையுங்கள், அல்லது எரித்துவிடுங்கள். செத்த ஆட்டை வேலியோரம் இழுத்துப் போடுவதும் வேண்டாம்.

அப்படியானால் மலிவாக என்ன போடலாம்? கேழ்வரகோ, கம்போ, சோறோ வேகவைத்து மோர் கலந்து வையுங்கள். அதோடு முட்டை, மீன் அல்லது கோழிக்கறி ஏதாவது சேரவேண்டும். கறிக்கோழிக் கடையில் ஒதுக்குகிற தலை, கால், குடலைக் கேட்டு வாங்கி நன்றாக வேகவையுங்கள். இந்த நாடாப்புழு கோழி வழியாக வருவதில்லை. வெந்த எலும்பு ஈட்டிபோல் சிலும்பும், குடலைக் குத்தும். ஆகவே எலும்பை நீக்கிவிட்டுப் போடுங்கள். வெங்காயம், திராட்சை, சாக்லேட் மூன்றும் நாய்க்கு விஷம். உப்பும் காரமும் உள்ள குழம்பு ஆகாது. குடிக்க எப்போதும் நல்ல தண்ணீர் இருக்கட்டும்.

கால்நடை மருத்துவரிடம் கேட்டு, பிராசிகுவான்டல் சேர்ந்த புழுமருந்தை அவர் சொல்கிற கணக்கில் கொடுங்கள். எல்லாப் புழுமருந்தும் நாடாப்புழுவைக் கொல்லாது. நாயைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் குழந்தைகளைச் சாப்பிட விடாதீர்கள்.

ஒரு பிடி மாவும் ஒரு முட்டையும் சேர்ந்தால் என்ன செலவாகும்? ஈரலில் கட்டி வந்து அறுவைச் சிகிச்சைக்குப் போகிற செலவையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எது மலிவு என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.