பரணில் கிடக்கும் நீராவி எஞ்சினை ஓட்டும் முன்

உங்களில் யார் வீட்டுப் பரணிலாவது ஒரு பித்தளைக் கொதிகலன், ஒரு தகரத் தட்டு, ஒரு சின்ன இரும்புச் சக்கரம் இவை சேர்ந்த பழைய பொம்மை எஞ்சின் இருக்கிறதா? இருந்தால் தயவுசெய்து இரண்டு காரியங்களை அவசரப்பட்டுச் செய்துவிடாதீர்கள். அதைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். அதில் தண்ணீர் ஊற்றித் தீ மூட்டாதீர்கள். ஏன் என்று சொல்ல ஒன்றரை நூற்றாண்டு பின்னால் போக வேண்டும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

இப்போது இதை எழுதக் காரணம், நம் பி பிளாக்கில் ஒருவர் வீட்டுப் பரணைச் சுத்தம் செய்தபோது இப்படி ஒன்று கிடைத்ததுதான். அவருடைய அப்பா 1960களில் இங்கிலாந்தில் படித்துவிட்டுத் திரும்பும்போது வாங்கி வந்ததாம். அப்பா போய்ப் பல வருடங்கள் ஆகிவிட்டன. ஆண்டு விழாவில் குழந்தைகள் முன்னால் ஓட்டிக் காட்ட வேண்டும், அதற்கு முன் புதுசு போல ஆக்கிவிட வேண்டும் என்பது அவர் ஆசை. வங்கியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இந்த எஞ்சின்களைப் பற்றிப் படிப்பதும், கிடைத்தால் பழுது பார்ப்பதும் என் பொழுதுபோக்கு என்பதால் பொருள் என் மேஜைக்கு வந்து சேர்ந்தது.

நீராவி எஞ்சின் பொம்மையாக மாறியது 19ஆம் நூற்றாண்டில். இங்கிலாந்தில் அன்று பித்தளையில் சின்ன ரயில் எஞ்சின்கள் செய்து விற்றார்கள். தண்டவாளமெல்லாம் கிடையாது. ஸ்பிரிட் விளக்கை ஏற்றித் தரையில் விட்டால் அது பாட்டுக்கு ஓடும். ஓடும் வழியெல்லாம் தண்ணீரைச் சொட்டிக்கொண்டே போகும் என்பதால் 'பர்மிங்காம் டிரிப்ளர்' என்று பெயர் வைத்தார்கள். சொட்டுவது போகட்டும், கம்பளம் விரித்த அறையில் எரியும் ஸ்பிரிட்டோடு ஒரு வண்டி தறிகெட்டு ஓடுவதை நினைத்துப் பாருங்கள். அந்தக் காலத்துப் பெற்றோரின் துணிச்சலை மெச்சுவதா, திட்டுவதா என்று தெரியவில்லை.

அமெரிக்காவில் 1884இல் வீடன் என்பவரின் நிறுவனம் ஒரு சிறு நிற்கும் எஞ்சினைக் கொண்டு வந்தது. 'யூத்ஸ் கம்பானியன்' என்ற சிறுவர் பத்திரிகை, புதுச் சந்தாதாரரைச் சேர்த்துக் கொடுத்தால் அந்த எஞ்சின் பரிசு என்று அறிவித்தது. டெபாசிட் சேர்த்தால் குடம் கொடுத்த நம் வங்கிக் காலம் எனக்கு ஞாபகம் வருகிறது.

ஆனால் இந்தக் கதையின் தலைநகரம் ஜெர்மனியின் நியூரம்பெர்க். 1860களில் அங்கே இக்னாஸ் பிங், அடோல்ஃப் பிங் என்ற சகோதரர்கள் உலோகத்தில் வீட்டுச் சாமான் வியாபாரம் தொடங்கினார்கள். பிறகு பொம்மைக்கு வந்தார்கள். 20ஆம் நூற்றாண்டு பிறந்த சில ஆண்டுகளில் உலகத்திலேயே பெரிய பொம்மை நிறுவனம் அவர்களுடையதுதான். எஞ்சின் மட்டும் விற்கவில்லை. அதோடு நூல் பெல்ட் மாட்டி ஓட்டும் சின்னச் சாணைக்கல், ரம்பம், சம்மட்டி, பம்ப் எல்லாம் தனித்தனியாக விற்றார்கள். ஒரு பையன் வருடத்துக்கு ஒன்று என்று வாங்கினால் மேஜை மேல் ஒரு பட்டறையே அமைந்துவிடும். 1900இல் பாரிஸ் கண்காட்சிக்குப் போன இங்கிலாந்து வியாபாரி பேசட்-லோக், பிங் சரக்கைப் பார்த்துவிட்டு, எங்கள் நாட்டு ரயில்களின் சாயலில் செய்து கொடுங்கள் என்று ஆர்டர் கொடுத்தார். முதல் உலகப் போர் வரும்வரை இங்கிலாந்துப் பிள்ளைகள் விளையாடிய ரயில்களில் நிறைய ஜெர்மனியில் பிறந்தவைதான். (இக்னாஸ் பிங் சும்மா இருக்கும் மனிதர் இல்லை. 1905இல் ஒரு சுண்ணாம்புக் குகையைக் கண்டுபிடித்தார். இன்றும் அது அவர் பெயரில்தான் இருக்கிறது.)

பிங் எஞ்சின் ஒன்று கைக்கு வந்தால் முதலில் பார்க்க வேண்டியது அதன் முத்திரையை. ஜி.பி.என். என்ற மூன்று எழுத்து இருந்தால் அது முதல் உலகப் போர்க் காலம் வரையிலான பழைய சரக்கு. பி.டபிள்யூ. என்றிருந்தால் அதற்குப் பிந்தையது. 1920களின் கடைசியில் வந்த உலகப் பொருளாதார வீழ்ச்சியில் நிறுவனம் தாக்குப் பிடிக்கவில்லை. 1930களின் தொடக்கத்தில் பொம்மைத் தொழில் மூடப்பட்டது. இக்னாஸின் மகன் ஸ்டெஃபான் அதற்கு முன்பே விலகி, வேறொரு சிறு கம்பெனியை வாங்கியிருந்தார். 'ட்ரிக்ஸ்' ரயில்கள் வந்தது அங்கிருந்துதான். அவர்கள் யூதக் குடும்பம். 1938இல் நாஜி அரசின் நெருக்கடியில் அதையும் விற்றுவிட்டு அவர் இங்கிலாந்துக்குப் போக வேண்டியதாயிற்று. ஒரு குடும்பத்தின் எழுச்சியும் வீழ்ச்சியும் அந்த இரண்டு மூன்று எழுத்துகளுக்குள் இருக்கிறது. பாலிஷ் சக்கரத்தில் அரை நிமிடம் பிடித்தால் அந்த எழுத்து மழுங்கிவிடும்.

நம் பி பிளாக் எஞ்சின் பிங் இல்லை, மாமோட். 1937இல் பர்மிங்காமில் ஜெஃப்ரி மாலின்ஸ் என்பவர் தொடங்கிய நிறுவனம். மாலின்ஸ், மாடல்ஸ் இரண்டையும் ஒட்டி வைத்த பெயர். ஜெர்மானியர் செய்தது போல நுணுக்கம் இருக்காது. தட்டு, கொதிகலன், ஒரு சிலிண்டர், ஒரு சக்கரம், அவ்வளவுதான். ஆனால் விலை கட்டுப்படியாகும், முரட்டுப் பையன் கையிலும் நிற்கும். போருக்குப் பிறகு அமோகமாக விற்றது. 1960களில் அவர்கள் செய்த நீராவி ரோடு ரோலரை இன்றும் சேகரிப்பவர்கள் தேடுகிறார்கள். வயதைக் கண்டுபிடிக்க இதிலும் அடையாளங்கள் உண்டு. ஸ்பிரிட் விளக்கு இருந்தால் பழையது. வில்லை வைத்து எரிக்கும் தட்டு என்றால் 1970களின் பிற்பகுதிக்குப் பிந்தையது. தண்ணீர் அளவைப் பார்க்கக் கண்ணாடி இல்லாமல் கொதிகலன் முனையில் ஒரு திருகு மட்டும் இருந்தால் அதுவும் பழையதுதான். திருகைக் கழற்றிவிட்டு, அந்தத் துளை வழியாக வழியும்வரை தண்ணீர் ஊற்ற வேண்டும். ஜெர்மனியின் வில்லெஸ்கோ 1950இல் இந்தத் தொழிலில் இறங்கியது. நல்ல காலமாக மாமோட், வில்லெஸ்கோ இரண்டுக்கும் வாஷர், சேஃப்டி வால்வு போன்ற உதிரிகள் இன்றும் கிடைக்கின்றன.

எஞ்சின் எப்படி ஓடுகிறது என்பதில் ஒரு அழகு இருக்கிறது. பெரிய எஞ்சின்களில் நீராவியை உள்ளே விடவும் வெளியே விடவும் தனி வால்வு, தண்டு எல்லாம் உண்டு. பொம்மையில் அந்த வேலையையும் சிலிண்டரே பார்க்கிறது. சக்கரம் சுற்றும்போது சிலிண்டர் தூளி போல இப்படியும் அப்படியும் ஆடும். ஒரு பக்கம் சாயும்போது அதன் துளை நீராவி வரும் துளைக்கு நேராக வரும், பிஸ்டன் தள்ளப்படும். மறுபக்கம் சாயும்போது வெளியேறும் துளைக்கு நேராக வரும், வேலை முடிந்த ஆவி போய்விடும். ஒரு ஸ்பிரிங் சிலிண்டரைத் தட்டையான முகத்தோடு அழுத்திப் பிடித்திருக்கும். ஓடாத எஞ்சின்களில் பெரும்பாலும் கோளாறு இந்த இரண்டு முகங்களுக்கு நடுவில்தான். பழைய எண்ணெய் காய்ந்து பிசின் போல ஒட்டியிருக்கும். மண்ணெண்ணெயில் ஊற வைத்துத் துடைத்தாலே பாதி வேலை முடிந்தது. கீறல் இருந்தால் ஒரு கண்ணாடித் துண்டின் மேல் மிக நைசான எமரித் தாளை விரித்து, முகத்தை அதன் மேல் மெதுவாக வட்டமாகத் தேய்க்க வேண்டும். அச்சுகளுக்குத் தையல் மெஷின் எண்ணெய் போதும். சிலிண்டருக்குப் போதாது, நீராவி அதை அடித்துக்கொண்டு போய்விடும். அங்கே கெட்டியான ஸ்டீம் ஆயில் வேண்டும்.

இதுவரை சொன்னது விளையாட்டு. கொதிகலன் விளையாட்டு இல்லை.

உங்கள் அடுப்படியில் இருக்கும் குக்கரை நினைத்துக்கொள்ளுங்கள். அதில் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அளவில் இருக்கும். பொம்மை எஞ்சினிலும் ஏறத்தாழ அந்த அளவுதான். ஆனால் குக்கர் ஒரே தகட்டில் அழுத்தி எடுத்த பாத்திரம். பழைய பொம்மைக் கொதிகலன் பலவற்றில் குழாயின் இரு முனை மூடிகளும் ஈயப் பற்றால் ஒட்டியவை. ஈயமும் வெள்ளீயமும் கலந்த அந்தப் பற்று 183 டிகிரியிலேயே உருகத் தொடங்கிவிடும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை பித்தளை 120 டிகிரியைச் சுற்றித்தான் இருக்கும், பயமில்லை. தண்ணீர் வற்றினால் ஸ்பிரிட் சுடருக்கு முன்னால் அந்த ஒட்டு நிற்காது. அறுபது வருடத்துக்கு முன் யாரோ ஒரு பையன் ஒரு தடவை வற்ற விட்டிருந்தால் போதும், பற்று பாதி இளகி மறுபடி இறுகியிருக்கும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. சேஃப்டி வால்வின் ஸ்பிரிங் துருவேறி இறுகியிருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

சட்டம் நம்மைக் காப்பாற்றுமா என்றால், இல்லை. 1923ஆம் வருடத்து இந்தியக் கொதிகலன் சட்டம் நெடுங்காலம் 22.75 லிட்டருக்கு மேற்பட்ட கலங்களைத்தான் கொதிகலன் என்றே கணக்கில் எடுத்தது. கால் லிட்டர் பொம்மையைப் பார்க்க எந்த இன்ஸ்பெக்டரும் வரப்போவதில்லை. இன்ஸ்பெக்டர் வேலையை வீட்டுக்காரர்தான் பார்க்க வேண்டும்.

அதற்கு வழி குளிர்ந்த தண்ணீர்ச் சோதனை. தீயே கிடையாது. கொதிகலனில் காற்றுக்குமிழ் இல்லாமல் முழுக்கத் தண்ணீர் நிரப்பி, சேஃப்டி வால்வு இருக்கும் துளையை அடைத்துவிட்டு, சின்னக் கைப்பம்பும் பிரஷர் கேஜும் மாட்டி, வழக்கமான அழுத்தத்தைப் போல ஒன்றரை மடங்கு ஏற்றிக் கொஞ்ச நேரம் வைத்திருக்க வேண்டும். தண்ணீர் அமுங்காத பொருள். ஒட்டு விட்டால் ஒரு சொட்டு வரும், கேஜ் முள் இறங்கும், அவ்வளவுதான். நீராவியோ காற்றோ வைத்து இதே சோதனையைச் செய்தால், அமுங்கிய ஸ்பிரிங் விடுபட்டது போல வெடிக்கும். செய்யவே கூடாது.

சோதனைக்கு முன் உள்ளே படிந்த உப்பை எடுக்க வேண்டும். வெந்நீரில் எலுமிச்சை உப்பைக் கொஞ்சம் கரைத்து அரை மணி நேரம் வைத்து, பல முறை அலசினால் போதும். எஞ்சினுக்கு நம் போர் தண்ணீர் ஆகவே ஆகாது. இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வாங்குகிறோமே, அந்த டிஸ்டில்டு வாட்டர்தான் சரி. இன்னொரு எச்சரிக்கை: பழைய விளக்குத் திரியிலும் பேக்கிங்கிலும் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உலர்ந்தபடியே சுரண்டாதீர்கள். நனைத்து எடுத்து, பையில் கட்டி ஒதுக்குங்கள்.

வெளிப்புறத்துக்கு வருகிறேன். இங்கேதான் பி பிளாக் நண்பருக்கும் எனக்கும் நாலு நாள் வாக்குவாதம். தட்டில் சிவப்புப் பெயின்ட் உரிந்திருக்கிறது, மாமோட் பெயர் ஒட்டிய இடம் மங்கியிருக்கிறது. அவர் மொத்தத்தையும் சுரண்டிப் புதிதாக அடிக்கச் சொன்னார். நான் கூடாது என்றேன். வங்கி லெட்ஜரில் தப்பான பதிவை அழித்துவிட்டு அதன் மேல் எழுத எங்களை விடமாட்டார்கள். கோடு கிழித்து, கீழே சரியானதை எழுதி, சுருக்கொப்பம் போட வேண்டும். பழையது படிக்கும்படி இருக்க வேண்டும். எஞ்சினுக்கும் அதுதான் கணக்கு. மாற்றிய வாஷரை மறுபடி மாற்றலாம். சுரண்டிய பெயின்ட் திரும்ப வராது. ஜெர்மன் எஞ்சின்கள் சிலவற்றில் கொதிகலனுக்கு நீலச்சாயல் ஏற்றியிருப்பார்கள். புளி வைத்துத் தேய்த்தால் அது ஒரே கையில் போய்விடும். கடைசியில் அவரை மசிய வைத்தது என் வாதம் இல்லை. விளக்கு வைக்கும் இடத்துக்கு மேலே பெயின்ட் கருகிப் பழுப்பேறியிருந்தது. அப்பா எஞ்சினை எத்தனையோ தடவை ஓட்டியதால் வந்த கருகல் அது. அதைத் தடவிப் பார்த்துவிட்டு, "சரி சார், அப்படியே இருக்கட்டும்" என்றார்.

தண்ணீர்ச் சோதனையில் முள் இறங்கியது. கொதிகலனின் பின் மூடியில், ஒட்டு ஓரத்தில், கடுகு அளவுக்கு ஒரு சொட்டு. இனி இரண்டு வழிதான். மூடியைக் கழற்றி, பக்குவம் தெரிந்தவர் கையில் கொடுத்து வெள்ளிப் பற்று வைக்கலாம். ஆனால் அதற்கு ஏற்றும் வெப்பத்தில் பித்தளையின் பழைய நிறம் போய்விடும். அல்லது கொதிகலனை ஓய்வில் விட்டுவிடலாம். நண்பர் ஒரு இரவு யோசித்துவிட்டு இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். அவருக்கு வருத்தம்தான். சூடான எண்ணெயும் ஆவியும் கலந்த அந்த வாசனை சின்ன வயதிலிருந்து மூக்கில் நிற்கிறதாம். அதை இந்த முறை தர முடியாது.

ஆனால் எஞ்சின் ஓடும். ஆடும் சிலிண்டருக்கு நீராவிதான் வேண்டும் என்பதில்லை, அழுத்தமுள்ள காற்றும் போதும். கொதிகலனைத் தொடாமல் சிலிண்டருக்குப் போகும் குழாயில் நேராகக் காற்றைக் கொடுத்துவிட்டோம். பழைய கார் டியூப் ஒன்றில் காற்றை நிரப்பி, அதிலிருந்து மெல்லிய ரப்பர் குழாய். முதல் சுற்றுக்கு விரலால் சக்கரத்தைத் தள்ள வேண்டியிருந்தது. பிறகு நிற்கவில்லை.

ஆண்டு விழா அன்று மாலை 5 மணி முதல் கிளப் ஹவுஸ் நுழைவாயில் மேஜையில் வைத்திருப்போம். டியூபில் காற்று பத்து நிமிடத்துக்கு மேல் தாங்காது. சைக்கிள் பம்ப் அடிக்க எட்டு வயதுக்கு மேற்பட்ட நாலைந்து பிள்ளைகள் தேவை. பெயரை செக்யூரிட்டி மேஜையில் உள்ள நோட்டில் எழுதிவிடச் சொல்லுங்கள்.