காசோலை திரும்பினால் என்ன நடக்கும்? மேலதிகப்பற்றும் வங்கிக் கட்டணங்களும்

உங்கள் வங்கிக் கணக்கில் 49,500 ரூபா இருக்கிறது. நீங்கள் எழுதிக் கொடுத்த காசோலை 50,000 ரூபாவுக்கு. குறைவது 500 ரூபாதான். ஆனால், வங்கி இருக்கிற பணத்தைக் கொடுத்துவிட்டு மிச்சத்தைப் பிறகு கேட்பதில்லை. காசோலை முழுவதுமே திரும்பிப் போகும். அதற்கான கட்டணமும் உங்கள் கணக்கிலிருந்தே கழிக்கப்படும். அடுத்ததாக, காசோலையை வாங்கியவர் உங்கள் வீட்டுப் படலையில் வந்து நிற்பார்.

போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்தில் கொடுக்கல் வாங்கல் பெரும்பாலும் கைக்காசிலும், நகை அடகிலும், சீட்டிலும், வெளிநாட்டு உறவுகள் உண்டியலில் அனுப்பிய பணத்திலுமே நடந்தது. 2009க்குப் பின்னர் யாழ். நகரில் மட்டுமன்றி சுன்னாகம், நெல்லியடி, சாவகச்சேரி போன்ற இடங்களிலும் வங்கிகளும் லீசிங் நிறுவனங்களும் வரிசையாகத் திறக்கப்பட்டன. காசோலைப் புத்தகம் பலரது கைக்கு வந்தது. அதன் விதிகளைச் சொல்லிக் கொடுக்கத்தான் ஆளிருக்கவில்லை. அந்த விதிகளை இங்கே சுருக்கமாகப் பார்ப்போம்.

மேலதிகப்பற்று என்றால் என்ன?

நடைமுறைக் கணக்கில் உள்ள பணத்துக்கு மேலாக எடுக்க வங்கி அனுமதிப்பதே மேலதிகப்பற்று. இது வங்கி தரும் சலுகை அல்ல, ஒரு கடன். இதில் இரண்டு வகை உண்டு. ஒன்று, எல்லையும் வட்டியும் முன்கூட்டியே எழுத்தில் பேசி ஒழுங்கு செய்யப்படுவது. மற்றையது, ஒரு காசோலை வந்துவிட்ட நிலையில் முகாமையாளர் தன் அதிகாரத்துக்குட்பட்டு சில நாட்களுக்கு அனுமதிப்பது. முன் ஒழுங்கு எதுவும் இல்லாவிட்டால் உங்கள் காசோலைக்குப் பணம் கொடுக்கும் கடப்பாடு வங்கிக்கு இல்லை. கடந்த மாதம் விட்டார்கள், இந்த மாதமும் விடுவார்கள் என்று நம்பிக் காசோலை எழுதுபவர்களே பெரும்பாலும் மாட்டிக்கொள்கிறார்கள்.

சேமிப்புக் கணக்கில் பொதுவாக மேலதிகப்பற்று இல்லை. ஆனால் நிலையியற் கட்டளை மூலம் கடன் தவணையோ காப்புறுதிப் பணமோ கழிக்கப்படும் நாளில் பணம் போதாவிட்டால் அது நிறைவேறாது. வங்கி அதற்குக் கட்டணம் அறவிடலாம். கடன் கொடுத்தவர் தாமதக் கட்டணமும் சேர்க்கலாம்.

வட்டியா, கட்டணமா?

2023 ஓகஸ்டில் இலங்கை மத்திய வங்கி, முன்கூட்டியே ஒழுங்கு செய்யப்பட்ட தற்காலிக மேலதிகப்பற்றுக்கு ஆண்டுக்கு 23 வீதம் என வட்டி உச்சவரம்பு விதித்தது. அது அன்றைய நிலைமைக்கானது. இன்றைய வீதத்தை உங்கள் கிளையில்தான் கேட்க வேண்டும். கணக்கு விளங்குவதற்காக அதே வீதத்தை எடுத்துக்கொள்வோம். மேலதிகப்பற்றுக்கு வட்டி நாள் கணக்கில்தான் சேரும். ஒரு இலட்சம் ரூபாவை 10 நாட்கள் மேலதிகமாக எடுத்தால் வட்டி ஏறத்தாழ 630 ரூபா. 30 நாட்களுக்கு ஏறத்தாழ 1,890 ரூபா.

திரும்பிய காசோலைக்கான கட்டணம் அப்படி அல்ல. அது நாளைப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு தடவை திரும்பும்போதும் அறவிடப்படும். "நாளைக்குத் திரும்பவும் போடுங்கோ, காசு வந்திடும்" என்று சொல்லி, சொன்னபடி காசு வராவிட்டால் இரண்டாவது கட்டணம். வைப்புச் செய்தவரிடமும் அவரது வங்கி கட்டணம் எடுக்கக்கூடும். எனவே முன்கூட்டியே முகாமையாளருடன் பேசி ஒழுங்கு செய்த சில நாள் மேலதிகப்பற்று, திரும்பிய காசோலையை விடப் பல வேளைகளில் மலிவானது.

இன்னொரு பொறி, தீர்வாகாத பணம். நீங்கள் இன்று வைப்புச் செய்த காசோலை கணக்கில் பதிவாகியிருக்கலாம். ஆனால் மற்ற வங்கியிலிருந்து பணம் வந்து சேரும்வரை அதை நம்பி வேறு காசோலை எழுதக்கூடாது. 2006இல் காசோலையின் படத்தை இலத்திரனியல் முறையில் அனுப்பும் தீர்வு முறை வந்தபின் காத்திருக்கும் காலம் வெகுவாகக் குறைந்துள்ளது. உரிய நேரத்துக்குள் போட்ட காசோலை பெரும்பாலும் அடுத்த வேலைநாளில் தீர்வாகிவிடும். அந்த ஒரு நாளும் உங்கள் காசோலை திரும்பப் போதுமானது.

சட்டம் என்ன சொல்கிறது?

எங்கள் ஊர்களில் காசோலையைப் பணம் கொடுக்கும் கருவியாக மட்டும் பயன்படுத்துவதில்லை. கைமாற்றுக் கடனுக்கு ஈடாகவும் கொடுக்கிறார்கள். தொகையும் திகதியும் எழுதாமல் கையெழுத்து மட்டும் போட்டுக் கொடுப்பவர்களும் உண்டு. ஆபத்து இங்கேதான் இருக்கிறது.

1990ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க கடன் அறவீட்டு (விசேட ஏற்பாடுகள்) சட்டத்தின் 25ஆம் பிரிவின்படி, கணக்கில் போதிய பணம் இல்லை என்று தெரிந்துகொண்டே காசோலை எழுதுவது குற்றம். எழுதிக் கொடுத்தபின் நேர்மையற்ற நோக்கத்துடன் கொடுப்பனவை நிறுத்துவதும் குற்றம். நீதவான் நீதிமன்றத்தில் குற்றவாளியாகக் காணப்பட்டால் ஒரு வருடம் வரையான சிறை, அல்லது 10,000 ரூபா அல்லது காசோலைத் தொகையின் 10 வீதம் ஆகியவற்றில் எது கூடவோ அந்தளவு தண்டம், அல்லது இரண்டுமே விதிக்கப்படலாம். பணத்தை அறவிட மாவட்ட நீதிமன்றில் தனியாக வழக்கும் போடலாம். எனவே அழைப்பாணை கிடைத்தால் ஒளித்துத் திரியாமல் உடனே சட்டத்தரணி ஒருவரைச் சந்திக்க வேண்டும்.

பணம் இல்லாமல் திரும்பிய காசோலைகளின் விபரம் கொடுகடன் தகவல் பணியகத்துக்கும், அதாவது எல்லோரும் "கிறிப்" என்று சொல்லும் நிறுவனத்துக்கும், போகிறது. "கிறிப்பில் கறுப்புப் பட்டியல் இருக்கிறது" என்பது தவறான கதை. அங்கே இருப்பது உங்கள் கடன் வரலாறு. அதைப் பார்த்துக் கடன் தருவதா இல்லையா என்று முடிவெடுப்பது அந்தந்த வங்கிதான். உங்களைப் பற்றிய அறிக்கையை நீங்களே கேட்டுப் பெற்று, பிழையிருந்தால் திருத்தக் கோரலாம்.

செய்ய வேண்டியவை

• வெற்றுக் காசோலையில் ஒருபோதும் கையெழுத்திட வேண்டாம். பெயர், தொகை, திகதி எழுதி, குறுக்குக் கோடிட்டுக் கொடுங்கள். காசோலை இலக்கத்தைக் குறித்து வையுங்கள்.

• கடனைக் கட்டி முடித்ததும் ஈடாகக் கொடுத்த காசோலையைத் திரும்ப வாங்குங்கள். பணம் கட்டியதற்குப் பற்றுச்சீட்டுப் பெறுங்கள்.

• வெளிநாட்டிலிருந்து வரவேண்டிய பணத்தை நம்பித் திகதி போடுவதானால் சில நாட்கள் தள்ளிப் போடுங்கள்.

• காசோலை திரும்பும் என்று தெரிந்தால், அது வங்கிக்குப் போகுமுன் வாங்கியவருடன் பேசுங்கள். பிறகு முகாமையாளரிடம் போங்கள்.

• உங்களுக்குக் கிடைத்த காசோலை திரும்பினால், வங்கி தரும் அறிவித்தலைப் பத்திரமாக வையுங்கள். வழக்குக்கு அதுவே சான்று.

• மாதாந்த வங்கிக்கூற்றை வரிவரியாகப் பாருங்கள். விளங்காத கட்டணம் எதற்கானது என்று எழுத்தில் கேளுங்கள்.

தமிழில் கேட்கும் உரிமை

ஆங்கிலத்தில் அச்சிட்ட படிவத்தில் "இங்கே கையெழுத்துப் போடுங்கள்" என்று காட்டும் இடத்தில் கையெழுத்திட்டுவிட்டு வருபவர்கள் பலர். 2011இல் மத்திய வங்கி விதித்த வாடிக்கையாளர் பட்டயத்தின்படி, வட்டி, கட்டணம், நிபந்தனைகளை வாடிக்கையாளர் விரும்பும் மொழியில், சிங்களம், தமிழ் அல்லது ஆங்கிலத்தில், வங்கி தெரியப்படுத்த வேண்டும். 2023இல் வந்த நிதியியல் நுகர்வோர் பாதுகாப்பு ஒழுங்குவிதிகள் இந்தப் பாதுகாப்பை மேலும் வலுப்படுத்தின.

தவறான கட்டணம் கழிக்கப்பட்டிருந்தால் முதலில் கிளைக்கு எழுத்தில் முறையிட்டு, பிரதி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். தீர்வு கிடைக்காவிட்டால் நிதியியல் ஒம்புட்ஸ்மனிடமோ, மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களத்திடமோ போகலாம். திணைக்களத்தின் தொலைபேசி இலக்கம் 1935.

போரில் வீட்டையும் தொழிலையும் இழந்து மீண்டும் கடை போட்டவருக்கு, ஊரில் கடன் கிடைப்பது அவரது பெயரை நம்பித்தான். ஒரு காசோலை திரும்பினால் அந்தப் பெயரும் அடிபடும். அடுத்த காசோலைத் தாளைக் கிழிக்கும் முன் கணக்கில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பாருங்கள்.