சட்டைப்பையில் ஒரு கதவு: சைபர் குற்றங்களும் வேலையிடத்துச் செல்போனும்

இந்த முறை சரித்திரம் எழுதலாம் என்று உட்கார்ந்தேன். ராஜா, ராணி, போர்க்களம் எதுவும் இல்லாத சரித்திரம். வயதும் கொஞ்சம்தான், கால் நூற்றாண்டு. ஆனால் அதற்குள் எத்தனை பேருடைய சேமிப்பு போயிருக்கிறது என்று பார்த்தால் மலைப்பாக இருக்கிறது. தென்காசி, குற்றாலம் பக்கத்துக்கும் இந்தக் கதையில் ஒரு பங்கு உண்டு. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

சட்டம் வந்த கதை

இந்தியாவின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ஆம் ஆண்டு அக்டோபர் 17 அன்று நடைமுறைக்கு வந்தது. மின்வணிகத்துக்கும் மின்கையெழுத்துக்கும் வழி செய்வதுதான் அதன் முதல் நோக்கம். குற்றங்களைப் பற்றிய பிரிவுகள் கொஞ்சம்தான். செல்போனுக்கு அதில் தனி வரையறையே கிடையாது. அப்போது செல்போன் என்றால் பேசுவதற்கும் எஸ்.எம்.எஸ். அனுப்புவதற்கும்தானே!

இந்தச் சட்டத்தின் கீழ் நாட்டின் முதல் தண்டனைகளில் ஒன்று நம் சென்னையில்தான் கிடைத்தது. ஒரு பெண்ணை இழிவுபடுத்தி யாஹூ குழுவில் செய்திகள் போட்ட வழக்கில், 2004 நவம்பரில் எழும்பூர் நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. புகார் கொடுத்துச் சில மாதங்களுக்குள்ளேயே முடிந்த வழக்கு என்பதால் இன்றும் சட்டக் கல்லூரிகளில் அதைப் பாடமாகச் சொல்கிறார்கள்.

2008-ல் சட்டத்தைத் திருத்தினார்கள். 2009 அக்டோபர் 27 முதல் திருத்தம் அமலுக்கு வந்தது. 'தொடர்புச் சாதனம்' என்ற வரையறையில் செல்போன் இடம்பிடித்தது அப்போதுதான். கூடவே 43ஏ என்ற பிரிவும் வந்தது. மக்களின் முக்கியமான தகவல்களை வைத்திருக்கும் நிறுவனம், நியாயமான பாதுகாப்பு செய்யாமல் அலட்சியமாக இருந்து யாருக்காவது நஷ்டம் வந்தால், இழப்பீடு தர வேண்டும் என்று அது சொல்கிறது. வேலையிடத்துக்கும் பொறுப்பு உண்டு என்று சட்டம் பேச ஆரம்பித்தது இங்கேதான்.

பூனாவில் நடந்தது

அந்தப் பொறுப்பு ஏன் தேவைப்பட்டது என்பதற்கு 2005-ல் பூனாவில் நடந்த சம்பவம் நல்ல உதாரணம். எம்ஃபசிஸ் நிறுவனத்தின் கால் சென்டரில் வேலை பார்த்த சிலர், அமெரிக்க சிட்டி வங்கி வாடிக்கையாளர்களிடம் நயமாகப் பேசி ரகசிய எண்களைத் தெரிந்துகொண்டார்கள். பிறகு சுமார் மூன்றரை லட்சம் டாலரைத் தங்களுக்கு வேண்டிய கணக்குகளுக்கு மாற்றிவிட்டார்கள். கம்ப்யூட்டரை யாரும் உடைக்கவில்லை. பேச்சும் ஞாபகசக்தியும் போதுமானதாக இருந்தது.

செல்போனை வாசலில் லாக்கரில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், பேனாவும் பேப்பரும்கூடக் கூடாது என்ற விதிகள் கால் சென்டர்களில் இருப்பது இப்படிப்பட்ட பயத்தால்தான். அந்தக் காலத்துத் தீர்வு சுலபம்: போனை வெளியே வை. இன்றைக்கு அது முடியுமா? வேலையே போனில்தானே நடக்கிறது!

கும்பகோணமும் கூடங்குளமும்

2018 பிப்ரவரியில் கும்பகோணத்தைத் தலைமையிடமாகக் கொண்ட சிட்டி யூனியன் வங்கியில் திருட்டு முயற்சி நடந்தது. வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்துக்கான ஸ்விஃப்ட் அமைப்பு வழியாக, துபாய், துருக்கி, சீனா என்று மூன்று இடங்களுக்கு மொத்தம் சுமார் 20 லட்சம் டாலர் அனுப்பப்பட்டிருந்தது. ஸ்விஃப்டோடு இணைந்த பிரிண்டரை அதற்கு முன்பே செயலிழக்க வைத்திருந்தார்கள். அனுப்பிய பணத்துக்கான ஒப்புதல் அச்சாகி வரவில்லை. பிப்ரவரி 7 அன்று கணக்கைச் சரிபார்த்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது. 2016-ல் வங்காளதேச மத்திய வங்கியிலிருந்து 8 கோடியே 10 லட்சம் டாலர் போனபோதும் இதே பிரிண்டர் கதைதான். பிரிண்டர் மக்கர் செய்வது சகஜம் என்றுதான் அங்கிருந்தவர்கள் முதலில் நினைத்தார்கள்.

அடுத்தது நமக்கு இன்னும் பக்கம். 2019 செப்டம்பர் 4 அன்று, கூடங்குளம் அணுமின் நிலையத்தில் தீய மென்பொருள் ஒன்று இருப்பதை செர்ட்-இன் என்ற மத்திய அரசு அமைப்பு தெரிவித்தது. செய்தி வெளியில் கசிந்தபோது முதலில் மறுத்தார்கள். அக்டோபர் 30 அன்று அணுமின் கழகம் உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. நிர்வாக வேலைக்கான, இணையத்தோடு தொடர்புள்ள நெட்வொர்க்கில் இருந்த ஒரு பயனாளரின் கம்ப்யூட்டர்தான் பாதிக்கப்பட்டது. உலையை இயக்கும் முக்கியமான நெட்வொர்க் தனியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது என்றது அறிக்கை.

அப்போது தென்காசியும் கூடங்குளமும் ஒரே திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன. அடுத்த மாதம், நவம்பர் 22 அன்றுதான் தென்காசி தனி மாவட்டமானது.

இந்தச் சம்பவத்தில் கவனிக்க வேண்டியது ஒன்று. பெரிய சேதம் வராமல் காத்தது, இரண்டு நெட்வொர்க்குகளுக்கும் நடுவே இருந்த பிரிவினை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், செல்போன் விஷயத்தில் மறுபடி தேவைப்படும்.

எண்கள் சொல்வது

தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2010-ல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் பதிவான வழக்குகள் 966. மொத்த சைபர் குற்ற வழக்குகள் 2016-ல் 12,317, 2018-ல் 27,248, 2020-ல் 50,035, 2023-ல் 86,420. அந்த 2023 வழக்குகளில் பத்தில் ஏறத்தாழ ஏழு பண மோசடிக்காக நடந்தவை. நாடாளுமன்றத்தில் அரசு சொன்ன கணக்குப்படி மக்கள் இழந்த தொகை 2023-ல் சுமார் 7,465 கோடி ரூபாய், 2024-ல் சுமார் 22,845 கோடி.

ஏன் இந்தப் பாய்ச்சல்? புகார் கொடுப்பது சுலபமானதும் ஒரு காரணம். 2019-ல் புகார் இணையதளம் வந்தது, 2021-ல் உதவி எண் வந்தது. ஆனால் அது மட்டும் காரணமில்லை. 2016-ல் யு.பி.ஐ. வந்தது, அதே வருடம் ஜியோவால் இணையம் மலிவானது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து ஆபீஸ் வீட்டுக்குள் நுழைந்தது. பணம், வேலை, குடும்பம் மூன்றும் ஒரே கருவிக்குள் வந்து சேர்ந்தன. திருடனுக்கு ஒரே சாவி போதும் என்றாகிவிட்டது.

மத்தளம்பாறையும் பூட்டும்

தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறை. 2011-ல் சோஹோ நிறுவனம் இங்கே சிறிய அளவில் அலுவலகம் தொடங்கியது. 'சோஹோ டெஸ்க்' இங்கே உருவானதுதான். இந்த நிறுவனத்தின் மேனேஜ்என்ஜின் பிரிவு, ஆபீஸ் செல்போன்களை நிர்வகிக்கும் மென்பொருளை உலகம் முழுவதும் விற்கிறது.

அது என்ன செய்யும்? ஊழியரின் போனுக்குள் வேலைக்கென்று தனி அறை போடும். ஆபீஸ் மெயிலும் கோப்புகளும் அந்த அறையில். குடும்பப் படங்கள் வெளியே. போன் தொலைந்தால் வேலை அறையை மட்டும் தூரத்திலிருந்தே அழிக்கலாம். கூடங்குளத்தில் பார்த்த அதே பிரிவினைதான், உள்ளங்கை அளவில். சரியாக அமைத்தால் முதலாளியால் நம் சொந்தப் படங்களைப் பார்க்கவும் முடியாது. அது ஊழியருக்கும் பாதுகாப்பு.

ஆனால் பூட்டு செய்கிறவர்களுக்கும் பழுது வரும். 2021-ல் மேனேஜ்என்ஜினின் வேறொரு மென்பொருளில் ஆபத்தான ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு, செப்டம்பரில் திருத்தம் வெளியானது. அந்தத் திருத்தம் போடப்படாத செஞ்சிலுவைச் சங்கச் சர்வருக்குள் நவம்பரில் திருடர்கள் நுழைந்தார்கள். 2022 ஜனவரியில்தான் தெரிந்தது. போரில் குடும்பத்தைப் பிரிந்தவர்கள் உட்பட ஐந்து லட்சத்து 15 ஆயிரத்துக்கும் மேற்பட்டோரின் விவரங்கள் அதில் இருந்தன. 'அப்டேட்' கேட்கும்போது 'பிறகு பார்க்கலாம்' என்று தள்ளிவிடுவதன் விலை இது.

நம் ஊர்க் கடைகளுக்கு

பெரிய கம்பெனிக்குத் தனித் துறை இருக்கும். குற்றாலத்தில் சீசன் நேரத்தில் பத்து அறை வைத்து நடத்துபவருக்கு யார் இருக்கிறார்கள்? வருகிறவரின் ஆதாரைப் போனில் படம் எடுப்பார், அதே போனில் பணம் வாங்குவார், இரவில் அதே போனில் பிள்ளை விளையாடும். 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம், ஓட்டல்கள் ஆதார் நகல் வாங்கி வைக்கக்கூடாது என்று எச்சரித்தது. தவறாகப் புரிந்துகொள்ளப்படலாம் என்று இரண்டே நாளில் அதைத் திரும்பப் பெற்றார்கள். படம் எடுப்பது மட்டும் தொடர்கிறது.

கல்யாணப் பத்திரிகை, போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ஏ.பி.கே. கோப்பை ஒரு தடவை நிறுவினால் போதும். அது எஸ்.எம்.எஸ்-ஐப் படித்து ஓ.டி.பி-யை வெளியே அனுப்பிவிடும். முதலாளியின் பணம் மட்டுமல்ல, அறை எடுத்தவர்களின் அடையாள அட்டைப் படங்களும் ஆபத்தில் விழும். அருவியில் குளித்துவிட்டு ஊருக்குப் போனவருக்கு இது தெரியக்கூடச் செய்யாது.

செய்ய வேண்டியது பெரிய செலவில்லை. கடைக்கென்று தனிப் போன் ஒன்று. ஆதாரின் கடைசி நான்கு எண்களை மட்டும் காட்டும் மறைப்பு நகலைக் கேட்பது. வேலை முடிந்த படங்களை அழிப்பது. அப்டேட்டைத் தள்ளிப்போடாமல் இருப்பது. பணம் போய்விட்டால் வெட்கப்பட்டு உட்காராமல் உடனே 1930-க்கு அழைப்பது. பணம் கணக்கு விட்டுக் கணக்கு தாவுவதற்குள் நிறுத்த வேண்டும் என்பதால் இங்கே ஒவ்வொரு நிமிடமும் காசுதான்.

பூனாவில் போனை வாசலில் வைத்தார்கள், கூடங்குளத்தில் நெட்வொர்க்கைப் பிரித்து வைத்தார்கள். நாம் போனுக்குள்ளேயே ஒரு வாசல் வைக்கக் கற்றுக்கொள்ள வேண்டிய காலம் இது. இதைப் படிப்பவர் வீட்டில் யாராவது கடை வைத்திருந்தால், இன்று ராத்திரி ஒரு பத்து நிமிடம் அவர்களுடைய போனை வாங்கிப் பாருங்கள். அடுத்த கட்டுரையில் சந்திப்போம்.